ஓக் மரத்தடியில் போலீட் காளான்: எதை முதலில் பார்ப்பது

காளான் அடையாளம் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் மரத்தைப் பாருங்கள். இங்கே தேடும் போலீட்டஸ் எடுலிஸ் என்ற உண்ணத்தக்க போலீட், தென்னாப்பிரிக்காவின் பூர்வீகக் காளான் அல்ல. வெளிநாடுகளிலிருந்து வந்த ஓக், பைன் மரங்களின் வேரோடு சேர்ந்து வாழ்வது. கேப் பகுதியில் இலையுதிர்கால முதல் மழைக்குப் பிறகு தேடலாம். டர்பனிலிருந்து உள்நாட்டு மிட்லண்ட்ஸ் பகுதிப் பக்கம் போகிறவர்களுக்குக் கோடை மழையே பருவம்.

கத்தியால் தண்டை அறுக்காதீர்கள். அடிப்பகுதியோடு தோண்டி எடுங்கள். குடையின் அடியில் செவுள் (மெல்லிய தகடுகள்) இல்லாமல் பஞ்சு போன்ற துளைகள் இருந்தால் போலீட் வகை. உடனே துளைப்பரப்பை விரலால் அழுத்துங்கள், தண்டை நீளவாக்கில் பிளந்து நிறம் மாறுகிறதா, எத்தனை நொடியில் மாறுகிறது என்று அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்தபின் இதைப் பார்க்க முடியாது. பலர் தவறுவது இங்கேதான். நீலமாவது காற்றுபட்டு நடக்கும் வேதிமாற்றம், அது மட்டுமே நஞ்சுக்கு அடையாளம் ஆகாது. ஆனால் துளை சிவப்பாகவும் இருந்தால் சமையலுக்கு வேண்டாம்.

எடுலிஸின் சதை வெள்ளையாகவே நிற்கும். தண்டின் மேற்பாதியில் புடைத்த வெள்ளை வலைக்கோடு தெரியும். துளைகள் முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், முதிர்ந்தால் ஆலிவ் பச்சை. ஓக்கடியில் வரும் அதன் நெருங்கிய இனமான போலீட்டஸ் ரெட்டிகுலேட்டஸில் குடை ஈரப்பசையின்றி மெத்தென்று இருக்கும், வலைக்கோடு தண்டு முழுக்க ஓடும். குடை வழவழப்பாக இருந்தால், பைனோடு வாழும் சூயில்லஸ் என்ற வேறு போலீட் வகையாக இருக்கலாம். பக்கத்தில் பைன் நிற்கிறதா என்று பாருங்கள்.

வித்துத்தூளின் நிறம் பார்க்கும் வித்துப்பதிவுக்கு முதிர்ந்த குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுதும் விடுங்கள். ஆலிவ் பழுப்புத்தூள் விழ வேண்டும். மொட்டுக் காளானின் துளைகள் அடைபட்டிருப்பதால் தாள் வெறுமையாகவே இருக்கும். காளான்மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து பொன்மஞ்சளாக மாறியிருந்தால் ஹைப்போமைசிஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சை தாக்கியது; அதில் எந்த அடையாளமும் நம்பத்தக்கதல்ல, விட்டுவிடுங்கள்.

அதே ஓக்கடியில் அமனிட்டா ஃபாலாய்டிஸ் என்ற கொடிய நஞ்சுக் காளானும் முளைக்கும். அதன் மொட்டு முட்டை போலிருக்கும். ஆகையால் ஒவ்வொரு மொட்டையும் நீளவாக்கில் பிளந்து பாருங்கள்: உள்ளே செவுள் கோடும் அடியில் பையும் தெரிந்தால் கூடையில் இருப்பது எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். அதன் நஞ்சு கல்லீரலை அழிக்கும். வாந்தி தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.