ஊருக்கு வரும் சொந்தங்களே, தேத்தண்ணீர் கேளுங்கள்

ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டில் இருந்து வன்னிக்கு வரும் எங்கள் ஆட்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எந்த வீட்டில் செம்பில் தண்ணீர் நீட்டினாலும், கூச்சப்படாமல் "எனக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி தாங்கோ" என்று கேளுங்கள். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். கிளிநொச்சியிலேயே குடியிருப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம் என்றால்தான் இங்கே மனம் நோகும். தேத்தண்ணீர் கேட்டால் அடுப்பு மூட்டுகிற கையில் சந்தோஷம்தான் இருக்கும். கிருமி செத்த, கொதித்த தண்ணீர்தான் உங்கள் வயிற்றுக்குள் போகும்.

"பிறந்த ஊர்த் தண்ணி என்ன செய்யப்போகுது?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் நீண்ட காலம் வெளியே இருந்த உடம்பில் அந்தப் பழைய தாங்குசக்தி குறைந்துவிடுகிறது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அது இருந்ததே இல்லை. ஹோட்டலில் தங்குகிற சுற்றுலாக்காரர் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவார். நம்மவர்கள் வீட்டுக்கு வீடு சாப்பிடுவார்கள். அதனால்தான் சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நெருப்புக் காய்ச்சலும் (தைபொயிட்) ஹெப்படைட்டிஸ் ஏ என்ற செங்கண்மாரியும் வரும் ஆபத்து கூட என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. புறப்பட இரண்டு கிழமைக்கு முன்பாவது போட்டுவிடுங்கள். போட்டாலும் கவனத்தை விடக்கூடாது.

சோளகம் வீசும் மாதங்களில் கிணறுகள் வற்றி அடியில் கிடக்கும். மார்கழியில் வருகிறீர்கள் என்றால் வேறு சிக்கல்: வெள்ளம் மலசலகூடக் குழிகளையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிடும். எந்தக் காலமானாலும் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்பு கொதித்தாலும் போகாது, ஆனால் வயிற்றோட்டத்துக்குக் காரணம் அது இல்லை. நான் அதிகம் பார்ப்பது கொதிக்கவைத்த பிறகு நடப்பதைத்தான். ஆறவைத்த தண்ணீரைப் பானையில் ஊற்றுவார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் டம்ளரோடு விரலையும் உள்ளே விட்டு மொள்ளுவார்கள். கொதிக்கவைத்த பாடு வீண். எங்கள் வீட்டில் பைப் பூட்டிய பானைதான்.

"சித்தி, மோர் குடிக்கலாமா?" என்று அக்காவின் மகள் கேட்டாள். பால் காய்ச்சித்தான் உறையவைத்தோம், தயிரில் பிழை இல்லை. கலக்கிற தண்ணீர் எது என்றுதான் பார்க்கவேண்டும். ஐஸும் அப்படித்தான், உறைந்தால் கிருமி சாகாது. வெயிலுக்கு இளநீரை உங்கள் கண்முன்னே சீவச் சொல்லி, அப்படியே கோம்பையில் வாய் வைத்துக் குடியுங்கள்.

சாப்பாட்டில் ஆவி பறப்பதை நம்புங்கள். மத்தியானச் சோறு மாலைவரை வெளியே இருந்தால், சமைத்தும் சாகாத ஒரு கிருமி அதில் பெருகும், திரும்பச் சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது. முல்லைத்தீவுச் சூரை மீன் ருசியானது, ஆனால் ஐஸ் இல்லாமல் வெயிலில் வந்த சூரையை எவ்வளவு வேகவைத்தாலும் அதில் உண்டான நஞ்சு போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவோம். காலையிலேயே, ஐஸில் வந்த மீனாகப் பார்த்து வாங்குங்கள். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட இறங்கினால், வெட்டிவைத்த அன்னாசியை விட்டுவிட்டுச் சூடாக வறுத்த கோதுக் கச்சான் வாங்குங்கள். உரிக்க முன் கையைக் கழுவினால் போதும்.

சரி, வயிற்றோட்டம் வந்தே விட்டதா? பயப்படாமல் ஜீவனி என்ற உப்பு-சீனித் தூள் பக்கற் ஒன்றை, அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இரத்தம் கலந்து போனாலோ, பிள்ளை சோர்ந்து சலம் போகாமல் கிடந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல் இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிற்றமோல் மட்டும், இபுபுரூஃபன், அஸ்பிரின் வேண்டாம். நெருப்புக் காய்ச்சல் தலைகாட்டவே ஒன்று முதல் மூன்று கிழமை எடுக்கும். ஆகவே திரும்பிப் போன பிறகு காய்ச்சல் வந்தால், இலங்கைக்குப் போய்வந்தோம் என்பதை அங்குள்ள டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.