ஹவுசிங் ஆபிசருக்கு எதற்கு மேற்படிப்பு?

லண்டனில், குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் லாபநோக்கற்ற அமைப்பான ஒரு ஹவுசிங் அசோசியேஷனில் ஹவுசிங் ஆபிசராக வேலை பார்க்கிறேன். வாடகைப் பாக்கி, ரிப்பேர், பக்கத்து வீட்டுச் சண்டை, பெரிய வீட்டுக்கு மாற்றக் கேட்டு வரும் விண்ணப்பம் என்று ஒரு வட்டாரத்தின் எல்லா விஷயமும் என் மேசைக்கு வரும். எங்கள் அணியில் ஒருவர் முன்பு சூப்பர் மார்க்கெட் மேனேஜர். இன்னொருவர் பாலர் பள்ளி ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்தபின் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் துறையின் வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு வேலையை விடாமலே, பகுதிநேரமாக ஹவுசிங் பாடத்தில் பட்டமேற்படிப்பு டிப்ளமாவில் சேர்ந்தேன். "கதவைத் தட்டி வாடகை கேட்கிற வேலைக்கு யூனிவர்சிட்டிப் படிப்போ?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு இப்போது என்னால் விவரமாகப் பதில் சொல்ல முடியும்.

வாடகைப் பாக்கியையே எடுத்துக்கொள்வோம். வேலை இழந்த ஒரு தாய் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார். முதல் பணம் கைக்கு வர ஐந்து வாரமாகும். எங்கள் வாடகை திங்கட்கிழமைதோறும் கணக்கில் ஏறும். அவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் ஐந்து வாரப் பாக்கி எங்கள் கம்ப்யூட்டரில் சிவப்பாக வந்து நின்றுவிடும். உதவித்தொகை மாதக் கணக்கு, வாடகை வாரக் கணக்கு. சில நிதியாண்டுகளில் 53 திங்கட்கிழமைகள் வரும். உதவித்தொகையோ 52 வாரம் என்றே கணக்கிடப்படும். மிச்சமான ஒரு வாரம் குடியிருப்பவர் தலையில் விழும். போதாததற்கு, வீட்டில் ஓர் அறை கூடுதல் என்று கருதப்பட்டால், ஓய்வூதிய வயதை எட்டாதவர்களுக்கு, உதவிக்காகக் கணக்கில் எடுக்கும் வாடகையில் 14 சதவீதம் வெட்டு; இரண்டு அறை அல்லது அதற்கு மேல் என்றால் 25 சதவீதம். இது 2013 ஏப்ரலில் வந்தது. பிள்ளைகள் படித்து வெளியே போன வீடுகளில் இந்த வெட்டு சத்தமில்லாமல் வந்து உட்காரும்.

வேலையிடத்தில் இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டும், முதல் கடிதம் போகும், இரண்டாவது போகும், அப்புறம் வீட்டைத் திரும்பப் பெறும் நோட்டீஸ். சட்டப் பாடத்தில், சமூக வீட்டு உரிமையாளர்கள் (கவுன்சில்களும் எங்களைப் போன்ற அசோசியேஷன்களும்) கோர்ட்டுக்குப் போகுமுன் பின்பற்ற வேண்டிய நடைமுறையை வரி வரியாக வாசித்தோம். உதவித்தொகைக்குத் தேவையான ஆதாரங்களைக் கொடுத்துவிட்டு, அது கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்த்து, மற்றத் தொகைகளை ஒழுங்காகக் கட்டிவருகிறவர் மீது வழக்குத் தொடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து, பாக்கிக் கோப்பு எது வந்தாலும் தொகையைப் பார்ப்பதற்கு முன் யுனிவர்சல் கிரெடிட் விண்ணப்பித்த தேதியைத்தான் தேடுகிறேன். "இதை இப்போது அனுப்ப முடியாது, காரணம் இது" என்று மேலதிகாரியிடம் எழுத்தில் சொல்கிறேன். இரக்கம் படிப்பதற்கு முன்பும் இருந்தது. ஆனால் இரக்கத்தைக் காரணம் காட்டி ஒரு கோப்பை நிறுத்திவைக்க முடியாது. விதியைக் காட்டினால் முடியும்.

நம்மவர்கள் வீடுகளுக்குப் போகும்போது இன்னொன்றும் கண்ணில் படும். ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ, லூயிஷம் எங்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டில் எங்கள் கடிதத்தைத் தாய்க்கு வாசித்துச் சொன்னது அவருடைய மகன், ஆரம்பப் பள்ளிப் பையன். முழுவதும் வாசித்துவிட்டு, "அம்மா, வீட்டை எடுக்கப் போகினமாம்" என்றான். அந்தத் தாய் நின்ற நிலையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். நோட்டீஸ் முதல் படிதான், அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, நீதிபதி குடும்பத்தின் நிலையைக் கேட்பார் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கடிதத்தில் அது இருந்தது, இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில்.

ஆய்வுக் கட்டுரைக்கு இதையே எடுத்துக்கொண்டேன்: வாடகைக் கடிதம் ஒரு தமிழ் வீட்டுக்குள் வந்ததும் யார் கைக்குப் போகிறது, யார் வாசிக்கிறார், என்ன புரிந்துகொள்கிறார்கள். மேற்பார்வை ஆசிரியர் என்னைச் சும்மா விடவில்லை. "உனக்குத் தெரிந்ததை எழுதாதே, அவர்கள் சொன்னதை எழுது" என்று மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பித் தந்தார். பேட்டிகளில் வந்தது எனக்கே புதிது. சிலர் கடிதத்தைக் கோயிலில் தெரிந்தவரிடம் காட்டினார்கள். சிலர் வெட்கத்தில் யாரிடமும் காட்டாமல் அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். பாக்கி இருப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், வீடு போய்விடும் என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கடிதத்துக்கு முன் ஒரு போன் என்ற சின்ன ஏற்பாடு எங்கள் அணியில் வந்தது இந்தக் கட்டுரையைக் காட்டித்தான்.

வரலாற்றுப் பாடம் எதற்கு என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். அதுதான் என்னை அதிகம் மாற்றியது. ஷோர்டிச்சில் பவுண்டரி எஸ்டேட்டைப் பார்க்க ஒரு நாள் அழைத்துப்போனார்கள். ஓல்ட் நிக்கல் என்ற சேரியை இடித்துவிட்டு, அன்றைய லண்டன் நகர நிர்வாகமான லண்டன் கவுண்டி கவுன்சில் கட்டி 1900இல் திறந்த குடியிருப்பு. அழகான செங்கல் கட்டடங்கள், நடுவில் ஆர்னல்ட் சர்க்கஸ் என்ற வட்டம், அதன் மேட்டில் ஒரு வாத்திய மண்டபம். அந்த மேடு இடித்த வீடுகளின் சிதிலத்தைக் குவித்து எழுப்பியது. அந்த வீடுகளில் இருந்தவர்களில் மிகச் சிலருக்கே புதிய கட்டடத்தில் இடம் கிடைத்தது. வாடகை கட்டுப்படியாகாமல் மற்றவர்கள் பக்கத்துத் தெருக்களின் நெரிசலுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நின்றபோது எனக்கு நினைவு வந்தது இப்போதைய வாடகை முறை. 2011இலிருந்து சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கலாம் என்று ஒரு வகை வீடு இருக்கிறது. அதற்கு வைத்த பெயர் 'கட்டுப்படியான வாடகை'. லண்டன் சந்தையில் 80 சதவீதத்தை ஒரு ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளி எப்படிக் கட்டுவார்? யாருக்காகக் கட்டுகிறோம் என்ற கேள்வியை இந்தத் துறை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆக்டேவியா ஹில்லும் அந்தப் பாடத்தில்தான் வந்தார். 1865இல் மேரில்போனில் மூன்று பழைய வீடுகளை நிர்வகிக்கத் தொடங்கி, வாராவாரம் வாடகைக்குப் போகும்போதே ரிப்பேரையும் குடும்பத்தின் கஷ்டத்தையும் பார்த்துவர வேண்டும் என்று பெண்களைப் பழக்கியவர். எங்கள் தொழிலுக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணமே அங்கிருந்து வந்தது. அதே ஆள் வாடகை தவறினால் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். நகராட்சி வீடு கட்டுவதையும் எதிர்த்தவர். அந்த அக்கறையும் அந்தக் கெடுபிடியும் இன்றைக்கும் எங்கள் ஆபிசில் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன.

அப்புறம் பூஞ்சணம். ஒரு வயதான அம்மாவின் வீடு. படுக்கையறையில் அலுமாரியை இழுத்தால், பின்சுவர் தரையிலிருந்து இடுப்பளவுக்குக் கறுப்பு. கைவைத்தால் சில்லென்றிருந்தது. மேலே கோயில் நாட்காட்டியைத் தொங்கவிட்டு ஒரு பகுதியை மறைத்திருந்தார். "பிள்ளை, நான் துடைச்சுத் துடைச்சுக் களைச்சுப் போனன்" என்றார். சேலைகளை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கட்டிலின் மேல் வைத்திருந்தார். பழைய கோப்பில் இருந்த குறிப்பு: ஜன்னலைத் திறந்துவைக்கும்படி அறிவுறுத்தப்பட்டது. அவ்வளவுதான். வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கட்டடத்தின் வெளிப்புறத்தையும் மழைநீர்க் குழாய்களையும் பழுதுபார்க்கும் பொறுப்பை வீட்டு உரிமையாளர் மீதுதான் வைக்கிறது என்று எனக்குப் பாடத்தில் சொல்லித்தந்திருந்தார்கள். கட்டடத்தைப் பரிசோதிக்கும் சர்வேயரை வெளிச்சுவரைப் பார்க்கச் சொன்னேன். மழைநீர்க் குழாய் இணைப்பில் உடைந்து, சுவர் உள்வரை ஊறியிருந்தது. ஜன்னலை நாள் முழுக்கத் திறந்துவைத்திருந்தாலும் அது காய்ந்திருக்காது.

ரொச்டேலில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தது இப்படியொரு வீட்டில்தான். பூஞ்சணம் பற்றித் தகப்பன் 2017இலிருந்தே முறையிட்டிருந்தார். அதுவே சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி சொன்னார். அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது: அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும், ஆபத்தான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலைநாளுக்குள் விசாரித்து, அதற்குப் பிறகு 5 வேலைநாளுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். இந்தக் கெடுவுக்குள் ஓடுகிறவர்களுக்குச் சுவரைப் படிக்கவும் தெரிய வேண்டும், சட்டத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். குடியிருந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தும் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. அதன் தொடர்ச்சியாக வந்த 2023ஆம் ஆண்டுச் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 2026 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் மூத்த மேலாளர்களும் மேல்நிலை நிர்வாகிகளும் ஹவுசிங் தகுதி பெற்றிருக்க வேண்டும், அல்லது அதற்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். மாற்றத்துக்குக் கால அவகாசமும் உண்டு. இதனால் "எந்தக் கோர்ஸ் நல்லது?" என்று இப்போது பலர் கேட்கிறார்கள். எங்கள் துறையின் தொழில்சார் அமைப்பான சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹவுசிங்கின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் படிக்க விடுவார்களா, கட்டணத்தில் பங்கு கொடுப்பார்களா என்று சேருவதற்கு முன்பே வேலையிடத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். காலையில் பார்த்த கோப்பை இரவில் பாடத்தோடு வைத்துப் பார்ப்பதில்தான் முழுப் பயனும் இருக்கிறது.

ஆனால் தகுதிக் கட்டாயம் மேலே உள்ளவர்களோடு நின்றுவிட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. "சுவரில் கறுப்பாக இருக்கிறது" என்ற முதல் வார்த்தை ரிப்பேர் போனை எடுப்பவர் காதில்தான் விழுகிறது. அதை அவசரம் என்று பதிவதா, சாதாரணம் என்று பதிவதா என்பது அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடும். எங்கள் அணியில் அந்தப் போனை எடுக்கிற இளம்பெண்ணை அடுத்த சேர்க்கையில் சட்டப் பாடத்துக்காவது அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவள் தயாராக இருக்கிறாள். கட்டணத்தை எந்த பட்ஜெட்டில் போடுவது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. நானும் விடுவதாக இல்லை.