சொட்டு நீலம்

"ஏர்போர்ட்டில் வேலை" என்றதும் மதுரையிலிருந்து பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "டிக்கெட் சல்லிசா கிடைக்குமாடா?" நான் மூன்று வருடம் வேலை பார்த்த இடத்தில் டிக்கெட் கவுண்டரே கிடையாது. வட கலிபோர்னியாவில் ஒரு நகராட்சிக்குச் சொந்தமான சின்ன விமான நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒற்றை ஓடுபாதை. வருவதெல்லாம் செஸ்னா, பைப்பர் மாதிரி சின்ன விமானங்கள், பறக்கப் பழகுகிறவர்கள். இந்த ரகத்துக்கு நீளம் அதிகம் தேவையில்லை. பாலோ ஆல்டோவில் இருப்பது 2,443 அடிதான். சான் பிரான்சிஸ்கோவின் பெரிய ஓடுபாதையில் அதுபோல் நான்கு அடங்கும்.

காலையில் முதல் வேலை, வண்டியில் ஓடுபாதையை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. கல், திருகாணி, செத்த பறவை எதுவும் கிடக்கக் கூடாது. சின்னக் கல்தானே என்று விட முடியாது. ப்ரொப்பெல்லர் அதை இழுத்துக்கொண்டால் விளிம்பில் பொக்கை விழும், பொக்கை நாளடைவில் விரிசலாகும். அப்புறம் கயிறு பார்ப்பது. செஸ்னா 172 காலியாக முக்கால் டன்தான். நல்ல காற்றடித்தால் தானே எழும்பப் பார்க்கும். தொழுவத்து மாடு மாதிரி இரண்டு இறக்கையிலும் வாலிலும் கட்டி வைப்போம்.

மற்ற நேரமெல்லாம் தொலைபேசி. "எங்கள் வரிப்பணத்தில் பணக்காரர்கள் விளையாடுகிறார்கள், மூடுங்கள்" என்பார்கள். சொந்தம் நகராட்சிக்குத்தான், ஆனால் மூடுவது அதன் இஷ்டமில்லை. ஓடுபாதை போடும் செலவில் பெரும்பங்கு மத்திய அரசின் மானியம். அதை வாங்கினால் நிலையத்தைத் திறந்தே வைக்க வேண்டும், வாடகை வருமானத்தை வேறெதற்கும் திருப்பக் கூடாது. சான்டா மோனிகா நகரம் மத்திய அரசோடு வருடக்கணக்காக வழக்காடி 2017-இல் ஒப்பந்தம் போட்டது. அப்படியும் 2028 கடைசிக்குப் பிறகுதான் மூடலாம்.

இதையெல்லாம் ஒப்பித்துச் சமாளித்துவிடுவேன். சத்தம் பற்றிய புகார்களில் பாதி எனக்கு வேடிக்கைதான். ஒரு பெண்மணி மட்டும் சத்தத்தைப் பற்றியே பேசவில்லை. "என் பையனுக்கு நாலு வயது, வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. உங்கள் பெட்ரோலில் ஈயம் இருக்கிறதா?" என்றார்.

இருக்கிறது. அமெரிக்காவில் கார் பெட்ரோலில் 1996-இல் தடை செய்த ஈயம், இந்த விமானங்களின் எரிபொருளில் லிட்டருக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல்வரை இருக்கலாம். சான் ஹோசேயில் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், நடத்தும் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் 2022 ஜனவரியிலேயே விற்பனையை நிறுத்தினார்கள். நாங்கள் நிறுத்தவில்லை.

அந்த எரிபொருளை அடையாளம் தெரிய நீலச் சாயம் கலந்து விற்பார்கள். விமானிகள் புறப்படுமுன் தொட்டியிலிருந்து கொஞ்சம் பிடித்து, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பார்கள். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் கலக்கிய வாளித் தண்ணீர் மாதிரி, அவ்வளவு அழகு. விரலில் பட்டால் பேன்ட்டில் துடைத்துக்கொள்வது என் வழக்கம்.

அன்று மதியம் தயிர்சாத டப்பாவைத் திறக்குமுன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு புகார்ப் படிவத்தை எடுத்தேன். நேரம், விமானத்தின் நிறம், சத்தம் எப்படி என்று கட்டங்கள் இருந்தன. அவருடைய கேள்வியை ஓரத்தில்தான் எழுத முடிந்தது.