நீலமா, கறுப்பா

நவம்பர் 3, திங்கள்

ஆறு சர்வர். எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து வேலை செய்வது இவற்றில்தான். ஒருவருக்கும் கம்பெனி வால்பேப்பர் வரவில்லை, விண்டோஸின் நீலமே நிற்கிறது. படத்தைப் போடச் சொல்லும் பாலிசியைச் சர்வர்கள் இருக்கும் ஓயூவில் (கணக்குகளைப் பிரித்து வைக்கும் பெட்டி) மாட்டியிருக்கிறார்கள். வால்பேப்பரோ யூசர் செட்டிங். யூசர்கள் இருப்பது வேறு ஓயூவில். சர்வர் ஓயூவின் யூசர் செட்டிங்கை அங்கே நுழைபவருக்கும் பொருத்தும் லூப்பேக்கைப் போடாமல் எப்படி வரும்? இதை மாட்டிய மகானுபாவன் யார் என்று பழைய டிக்கெட்டைத் தோண்டினால், நான்தான்.

மனைவி பிரசவத்துக்காக அம்மா வீட்டில், தென்காசியில். அத்தை போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

நவம்பர் 4

லூப்பேக்கைத் தனிப் பாலிசியாகப் போட்டேன். மெர்ஜ் (இரண்டு ஓயூவினதையும் சேர்) என்று போடவேண்டியதை ரிப்ளேஸ் (சர்வர் ஓயூவினது மட்டும்) என்று போட்டுவிட்டேன். அவ்வளவுதான், யூசர் ஓயூவிலிருந்து வரவேண்டியது எதுவுமே வரவில்லை. புதிதாக லாகின் ஆன கணக்குப் பிரிவுக்காரர்களுக்கு எச் டிரைவ் காணோம், பிரிண்டர் காணோம். "படம்தானே சார் கேட்டோம், டிரைவை ஏன் பிடுங்கினீங்க?" 11 மணிக்குள் மெர்ஜுக்கு மாற்றிவிட்டேன். இதில் கொடுமை, அந்தப் படமும் வரவில்லை.

நவம்பர் 5

விடாத மழை. தென்காசியில் வெயிலாம்.

நவம்பர் 6

"இன்னும் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, நீங்க வேலையப் பாருங்க," என்றார் அத்தை. பார்த்தேன்.

எந்தப் பாலிசி வந்தது என்று காட்டும் ஜிபிரிசல்ட்டில் யூசர் பக்கம் அந்தப் பாலிசி அமலானதாகவே இல்லை. பாலிசி யாருக்கு என்று சொல்லும் பில்டரிங்கில் ஒரே ஒரு யூசர் குரூப்தான் இருக்கிறது, ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸை (லாகின் ஆன எல்லா யூசரும் கம்ப்யூட்டரும்) யாரோ எடுத்திருக்கிறார்கள் (யாரென்று இம்முறை தோண்டவில்லை). 2016 ஜூனில் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் யூசர் பாலிசியையும் கம்ப்யூட்டரின் பெயரில்தான் போய்ப் படிக்கிறது. சர்வருக்குப் படிக்க உரிமை இல்லையென்றால் யூசருக்கும் இல்லை. உரிமைகளைத் தரும் டெலிகேஷனில் டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கு ரீட் மட்டும் கொடுத்தேன். அப்ளை தேவையில்லை.

நவம்பர் 7

வந்துவிட்டது! மலை, ஆறு, மூலையில் ஹெல்ப்டெஸ்க் நம்பர். அவளுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "கால் வீங்கியிருக்கு" என்று பதில் வந்தது.

மாலையில் குடோனிலிருந்து போன். அங்கே எல்லோருக்கும் கறுப்பு.

நவம்பர் 8, சனி

இந்தக் கறுப்பு தூங்க விடவில்லை. நீலம் என்றால் பாலிசி போய்ச் சேரவில்லை. கறுப்பு என்றால் சேர்ந்துவிட்டது, ஆனால் படம் கைக்கு எட்டவில்லை, அல்லது காட்டாதே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடோன் பையன் ஒருவனின் செஷனிலேயே பார்த்தேன். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் செட்டிங் பதிவேடு) படம் இருக்கும் பாத் சரியாக இருக்கிறது. அதே பாத்தை அவனையே திறக்கச் சொன்னேன், மலை வந்தது. "ரிமூவ் ரிமோட் டெஸ்க்டாப் வால்பேப்பர்" பாலிசியும் போடவில்லை. அப்புறம் என்னதான்?

இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. பனிக்குடம் உடைந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போகவேண்டும் என்று தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

நவம்பர் 9

ஆர்டிபி ஃபைல், சர்வரில் நுழைய கிளிக் செய்வது. குடோனில் லைன் மெதுவாக இருந்த காலத்தில் யாரோ செய்து கொடுத்தது, எல்லா டெஸ்க்டாப்பிலும் அதன் நகல்தான். நோட்பேடில் திறந்தால் நட்ட நடுவில் ஒரே வரி: டிஸேபிள் வால்பேப்பர்:ஐ:1. அதை 0 ஆக்கினேன். மலை. ஆறு நாள்.

ஞாயிறு என்பதே மறந்துவிட்டது.

நவம்பர் 10

ஹெல்ப்டெஸ்க் நம்பர் மாறிவிட்டதாம், படத்தை மாற்ற வேண்டுமாம். அதே பெயரில் புது ஃபைலை வைத்தேன். பாதிப் பேருக்குப் பழைய நம்பரே தெரிகிறது, புரொஃபைலில் டிரான்ஸ்கோடட்வால்பேப்பர் என்று ஒரு நகல் உட்கார்ந்திருக்கிறது. பெயரை மாற்றிப் பாலிசியிலும் திருத்தினேன். இனி ஒவ்வொருவராக லாக் ஆஃப் செய்து வரவேண்டும். யாரும் செய்ய மாட்டார்கள், செஷனை அப்படியே விட்டு டிஸ்கனெக்ட் செய்துவிட்டுப் போவார்கள்.

டாக்டர் சொன்ன தேதி நாளை. பொதிகை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் 14.

பிறகு பார்த்தால்: 9.

அத்தை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. சார்ட் இன்னும் வரவில்லை.