கீபோர்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

கம்ப்யூட்டர் கிளம்பும்போது யுஎஸ்பி கீபோர்டு வேலை செய்யாவிட்டால் கீபோர்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

என் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, தனி மானிட்டரும் யுஎஸ்பி கீபோர்டும் வைத்துத்தான் வேலை செய்கிறேன். அதில் ஓடுவது ஆர்ச் லினக்ஸ், டிஸ்க் முழுவதும் என்க்ரிப்ட் செய்தது, அதாவது பாஸ்வேர்டு கொடுத்தால்தான் திறக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ஒருமுறை அப்டேட் செய்த பிறகு, பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் கீபோர்டு அசையவில்லை. அதே கீபோர்டில் பயாஸுக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டப் திரை) போக முடிந்தது, எந்த சிஸ்டத்தை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனுவில் மேலும் கீழும் நகர முடிந்தது. அப்புறம் மூடியைத் திறந்து லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில் பாஸ்வேர்டை அடித்தேன். சிஸ்டம் எழுந்ததும் வெளிக் கீபோர்டு தானாகவே உயிர் பெற்றது.

இந்த இடத்தில் கீபோர்டின் 'நம் லாக்' (Num Lock) விளக்கு பெரிய உதவி. அந்த விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றுவதில்லை. நீங்கள் நம் லாக் விசையை அழுத்தியதை மறுமுனையில் இருக்கும் மென்பொருள் வாங்கி, 'விளக்கை ஏற்று' என்று திருப்பிச் சொன்னால்தான் எரியும். அழுத்தியும் விளக்கு மாறவில்லை என்றால் அந்த நேரத்தில் கீபோர்டைக் கேட்க ஆளில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு நடந்தது அதுதான்.

ஏன் ஆளில்லை? பயாஸும் கிரப்பும் ஓடும்வரை கீபோர்டைக் கவனிப்பது ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். அதற்காகவே 'பூட் புரோட்டோகால்' என்று எளிமையான ஒரு முறை இருக்கிறது. கெர்னல் வந்ததும் யுஎஸ்பி கன்ட்ரோலரைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு கீபோர்டோடு பேச கெர்னலின் சொந்த டிரைவர் வேண்டும். டிஸ்க் இன்னும் பூட்டியே இருப்பதால், அந்த டிரைவர், கெர்னலோடு சேர்ந்து மெமரியில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன இமேஜுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

அந்த இமேஜில் என்னென்ன சேர வேண்டும் என்று முடிவு செய்யும் சிறு ஸ்கிரிப்டுகளுக்கு ஆர்ச்சில் 'ஹுக்' என்று பெயர். அவற்றில் 'ஆட்டோடிடெக்ட்' என்பது, இமேஜ் உருவாகும் நேரத்தில் இணைந்திருக்கும் சாதனங்களுக்கான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொள்ளும். கெர்னலை அப்டேட் செய்யும்போது இந்த இமேஜும் புதிதாக உருவாகும். நான் அப்டேட் செய்தபோது வெளிக் கீபோர்டு இணைப்பில் இல்லை. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டோ பிஎஸ்/2 என்ற பழைய இணைப்பு வழியில் வருவது, அதற்கு யுஎஸ்பி கீபோர்டுக்கான யுஎஸ்பிஹெச்ஐடி டிரைவர் தேவையில்லை. அதனால் அந்த டிரைவர் வெளியே நின்றுவிட்டது. ஆட்டோடிடெக்ட் இல்லாமல் உருவான 'ஃபால்பேக்' இமேஜை கிரப்பில் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன், கீபோர்டு உடனே வேலை செய்தது. சந்தேகம் தீர்ந்தது. இமேஜுக்கான செட்டிங் ஃபைலில் இருக்கும் ஹுக்ஸ் வரியில் 'கீபோர்டு' என்ற ஹுக்கை 'ஆட்டோடிடெக்ட்'டுக்கு முன்னால் நகர்த்தி இமேஜை மறுபடி உருவாக்கினேன். இமேஜ் கொஞ்சம் பெரிதாகும், அது பரவாயில்லை. டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்திருக்கும் எல்லோரும் இப்படி மாற்றி வைப்பது நல்லது என்பேன்.

பயாஸிலேயே கீபோர்டு வேலை செய்யவில்லை என்றால் கதை வேறு. ஹப், டாக் எதுவும் இடையில் இல்லாமல் நேராகச் செருகிப் பாருங்கள். பயாஸ் செட்டிங்கில் 'லெகசி யுஎஸ்பி சப்போர்ட்' அணைந்திருக்கலாம். 'ஃபாஸ்ட் பூட்' இயங்கினால், நேரம் மிச்சப்படுத்த ஃபர்ம்வேர் யுஎஸ்பி சாதனங்களைத் தொடாமலே தாண்டிப் போகக்கூடும். விண்டோஸ் 7 இன்ஸ்டாலரில் மட்டும் கீபோர்டு நின்றால், அதில் யுஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது என்பதே பெரும்பாலும் காரணம், யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

சரி, ஃபாஸ்ட் பூட்டை அணைக்க பயாஸுக்குள் போக வேண்டும், போகக் கீபோர்டு வேண்டுமே? விண்டோஸ் 10, 11 என்றால், அது எழுந்தபின் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் மெனுவில் 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதில் 'யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்'. கம்ப்யூட்டர் நேராக அங்கேயே போய் நிற்கும். அங்கும் கீபோர்டு அசையாவிட்டால் மவுஸை முயன்று பாருங்கள், இப்போதைய செட்டப் திரைகள் பலவற்றில் அதுவே போதும்.