ஃப்ராய்டுக்கு முன்னால் வந்த புள்ளியியல்

உளவியலில் இளங்கலை சேரப்போகிறேன் என்று சொன்னபோது எங்கள் சபையின் மூப்பர் ஒருவர், "ஃப்ராய்டைப் படித்தால் விசுவாசம் போய்விடும், பார்த்துக்கொள்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆகவே உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த அந்த ஃப்ராய்டை முதல் பருவம் முழுவதும் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவருக்கு முன்னால் புள்ளியியல் வந்துவிட்டது. ஆத்துமாவைப் பற்றிய படிப்பு என்று மனத்துக்குள் எண்ணிச் சேர்ந்த எனக்கு, 1879-இல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் அமைத்தது முதல் இத்துறை தன் பெருமையாகக் கருதுவது அளவீட்டையே என்பது புரிய ஓராண்டு ஆனது.

ஃப்ராய்டு வந்தபோது பெரிய புயல் எதுவும் அடிக்கவில்லை. மதம் என்பது விருப்பத்திலிருந்து பிறக்கும் மாயை என்று அவர் 1927-இல் எழுதினார். ஆனால் மாயை என்று தாம் குறிப்பிடுவது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆஸ்கர் ஃபிஸ்டர் என்ற சுவிட்சர்லாந்துப் போதகர் அவருக்கு நெடுங்கால நண்பர் என்பதும், அந்தப் போதகரின் மறுப்பு அடுத்த ஆண்டே ஃப்ராய்டு நடத்திய இதழிலேயே வெளிவந்தது என்பதும் மூப்பருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

என்னை உண்மையில் உலுக்கியது சமூக உளவியல் வகுப்பு. 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அது. பிரின்ஸ்டனில் இறையியல் பயின்ற 40 மாணவர்களில் சிலரை, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய அந்நியனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையைப் பற்றியும், மற்றவர்களை இறையியல் படித்தவர்களுக்குரிய வேலைகளைப் பற்றியும் பேசுமாறு சொல்லி, பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் ஏதோ ஒருவகையில் உதவினர். தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதத்தினரே உதவினர். எதைப் பற்றிப் பேசப் போனார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. உவமையைப் பற்றிப் பேசப் போன சிலர் அவரைத் தாண்டிக் கால் வைத்தே கடந்து போனார்களாம்.

நான் கையைத் தூக்கி, "நாற்பது பேர் மிகச் சிறிய மாதிரி அல்லவா?" என்றேன். "நல்ல கேள்வி" என்ற பேராசிரியர், "முடிவு உங்களுக்குப் பிடித்ததாக இருந்திருந்தாலும் இதைக் கேட்டிருப்பீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். பதில் என் குறிப்பேட்டிலேயே இருந்தது. முந்தைய வாரம், மத ஈடுபாடு உள்ளவர்களிடம் மனச்சோர்வு குறைவாகக் காணப்பட்டதைச் சொன்ன ஓர் ஆய்வைச் சிவப்பு மையில் கட்டம் கட்டி எழுதியிருந்தேன். எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு என் கையையே கவனிக்கத் தொடங்கினேன். மனச்சோர்வைப் படித்தபோது, சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த வேதாகமத் தீர்க்கதரிசி எலியா நினைவுக்கு வந்தார். தேவதூதன் அவரைத் தட்டியெழுப்பி முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கடவுளின் கேள்வி, அவர் வெகு தூரம் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகுதான் வருகிறது. மருந்து எடுப்பது அவிசுவாசமா என்று எங்கள் ஐக்கியத்தில் ஒருவர் கேட்டபோது இந்தப் பகுதியைத்தான் சேர்ந்து வாசித்தோம். மறுவாரம் அவருடன் மருத்துவரிடமும் போனேன். ஆனால் எலியாவுக்கு இன்ன நோய் என்று பெயர் சூட்டத் துணியவில்லை. அப்படிச் செய்வது வேதத்துக்கும் நியாயமில்லை, பாடத்துக்கும் நியாயமில்லை.

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு, ஆல்போர்ட்டும் ராஸும் 1967-இல் விளக்கிய பாகுபாட்டை எடுத்துக்கொண்டேன்: மதத்தையே வாழ்வாகக் கொள்பவர்கள், மதத்தை வேறொன்றுக்குக் கருவியாக்குபவர்கள். முன்னவர்களிடம் மனஅழுத்தம் குறைவாக இருக்கும் என்பது என் கருதுகோள். வினாத்தாள்களைத் திரட்டிக் கணக்கிட்டால், தொடர்பு எதுவும் தெரியவில்லை. விலகி நின்ற இரண்டு விடைத்தாள்களை நீக்கினால் எண்கள் நான் விரும்பிய பக்கம் சாய்ந்தன. நெறியாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீக்கும் விதியைத் தரவு சேர்க்கும் முன்பே எழுதி வைத்தீர்களா?" இல்லை. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று சிறுவயதிலிருந்து மனப்பாடம் செய்த கட்டளை, ஒரு கணக்கீட்டு அட்டவணையின் முன் இவ்வளவு நேராக வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு தாள்களையும் திரும்பச் சேர்த்தேன்.

படிப்பு முடிந்து சபைக்குப் போனபோது அதே மூப்பர், "விசுவாசம் மனதுக்கு நல்லது என்று நிரூபித்துவிட்டாயா?" என்று ஆவலாகக் கேட்டார். என் மாதிரியில் அப்படித் தெரியவில்லை என்றேன். "பிறகு ஏன் அதை எழுதிக் கொடுத்தாய்?" என்றார்.

"அப்படித்தான் கிடைத்தது, ஐயா."