அரிச்சல்முனையில் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள்: பிள்ளைகளோடு ராமநாதபுரம் கரையில் மூன்று நாள் நடை

நேற்று ராத்திரிதான் மதுரைக்கு வந்து சேர்ந்தோம். துவைக்க எடுத்த துணியை உதறினால் இன்னும் மணல் கொட்டுகிறது. எந்த பஸ், எவ்வளவு செலவு, எங்கே நடக்கலாம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, ராமேஸ்வரம். நான், கணவர், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், அறுபத்து நாலு வயதில் முழங்கால் வலியோடு அத்தை. தனுஷ்கோடி போய்வர ஆயிரம் ரூபாய் என்று பேசினோம். "நாங்க நடக்கப் போறோம், மூணு மணி நேரம் ஆகும், பரவால்லையா?" என்று ஏறுவதற்கு முன்னாலேயே கேட்டேன். தலையை ஆட்டினார். திரும்பி வந்து இறங்கும்போது 1,800 கேட்கிறார். காத்திருந்ததற்கு எண்ணூறாம்! அத்தை விடவில்லை. "பேசுன பேச்சு என்னாச்சு தம்பி?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டார்கள். கடைசியில் 1,500 கொடுத்துத் தீர்த்தோம். குடியரசு தின விடுமுறை, கூட்டம் அலைமோதுகிறது, நாம் போனால் அடுத்த சவாரி தயார் என்கிற தைரியம். அந்த ஐநூறு ரூபாய் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு.

இதே தடத்தில் ராமேஸ்வரத்திலிருந்து டவுன் பஸ் ஓடுகிறது. எங்களுக்கு அது தெரிந்தது திரும்பும்போதுதான். அடுத்த முறை பஸ்தான், சந்தேகமே இல்லை. ஆட்டோதான் என்றால் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிவிட்டு ஏறுங்கள்.

சரி, இனி விஷயம். தனுஷ்கோடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து சாலை முடிகிற அரிச்சல்முனை வரை உள்ள ஒன்பதரை கிலோமீட்டரையும் வண்டிக் கண்ணாடி வழியாகவே பார்க்கிறார்கள். முனையில் இறங்கி, தூணுக்கு முன்னால் படம் எடுத்து, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கவே வயிறு எரிகிறது. மேடு கிடையாது, படி கிடையாது, மூச்சு வாங்காது. மலைக்குக் கூட்டிப் போனால் பாதி வழியில் "தூக்கு" என்று நிற்கும் என் மகன், இங்கே ஒருநாளில் ஆறு கிலோமீட்டராவது நடந்திருப்பான். கேட்கவே இல்லை.

நடக்க ஒரு வழி இருக்கிறது, அத்தையின் முழங்கால் கற்றுக்கொடுத்தது. உலர்ந்த மணலில் நடக்காதீர்கள், கால் புதைந்து ஒரு அடிக்கு மூன்று அடி உழைப்பு. அலை வந்து போன ஈர மணல் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கிறது. அத்தை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஓரமாகவே முக்கால் மணி நேரம் நடந்தார்கள். மணல் மேட்டுக்குப் பிள்ளைகள் மட்டும் ஏறி இறங்கினார்கள்.

மணல் மேடு என்றால் குன்று மாதிரி நினைக்க வேண்டாம். ஆள் உயரம், சில இடத்தில் அதற்கும் கொஞ்சம் மேலே. ஆனால் அதில் இருக்கிற வேடிக்கையைச் சொல்லி முடியாது. ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் அடும்பங்கொடி, இலை அப்படியே ஆட்டுக் குளம்பு. நெய்தல் பாட்டில் படித்த அடும்பு இதுதான் என்று மகளிடம் காட்டினேன். அதற்குப் பக்கத்திலேயே ராவணன் மீசை. ஊசி ஊசியாக இலை, வேர் விட்டுக்கொண்டே மணலில் ஓடுகிறது. காற்று அள்ளி வரும் மணலை இந்த இரண்டும் பிடித்து நிறுத்துகின்றன, மணல் மூட மூட மேலே வளர்கின்றன, அப்படித்தான் மேடே உண்டாகிறது. ராவணன் மீசையின் காய்ந்த காய் ஒரு முள்ளுப் பந்து. காற்றில் கழன்று மணல்மேல் உருண்டு ஓடும். வாடைக் காற்று வேறு சுழற்றி அடித்ததா, நாலைந்து பந்துகள் தெற்கே பாய்ந்து போக, என் மகனும் பின்னாலேயே பாய்ந்தான். எங்கள் செலவில் ஒரு பைசா வாங்காமல் ஒரு மணி நேரம் விளையாட்டுக் காட்டிய ஒரே பொருள் அதுதான். காலில் மட்டும் குத்தும், பிள்ளைகளுக்குப் பின்பட்டை வைத்த செருப்பு போட்டுவிடுங்கள்.

பூநாரைகளைச் சொல்ல மறந்துவிட்டேன்! கோதண்டராமர் கோயிலைத் தாண்டியதும் இடது பக்கம் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. வண்டி நிற்காது என்றார் அந்த மனிதர், நிறுத்தச் சொல்லி இறங்கினோம். வெள்ளைக் கோடு மாதிரி தூரத்தில் தெரிந்தது, ஒரே நேரத்தில் சில பறந்தபோது இறக்கைக்கு அடியில் இளஞ்சிவப்பு தீப்பிடித்த மாதிரி விரிந்தது. மகள் எண்ண ஆரம்பித்து அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். தனுஷ்கோடியை 2025இல் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. கிட்டே போகிறேன் என்று சேற்றில் இறங்காதீர்கள். உங்களுக்கும் நல்லதில்லை, பறவைக்கும் நல்லதில்லை.

இடிந்த தேவாலயத்தின் பக்கத்தில் அத்தை ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்கள். அவர்களுடைய அப்பா கொழும்பில் கடையில் வேலை பார்த்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, இங்கிருந்து ரயில் பிடித்து ஊருக்கு வருவாராம். 1914இலிருந்து அதுதான் வழி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் ஊரையே கொண்டுபோனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் ஆட்களோடு கடலுக்குள் போனது. "ஸ்டேஷன் எதும்மா?" என்று கேட்டு, இடிந்த சுவரைக் காட்டியதும் அதில் கையை வைத்துக்கொண்டார்கள். பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தேவாலயச் சுவரில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள் சில பேர். அதைப் பார்த்தபோது வந்த கோபம் ஆட்டோவைவிடப் பெரிது.

பசி வந்ததும் அங்கேயே ஓலைக் குடிசையில் சாப்பாடு. தயவுசெய்து ராமேஸ்வரம் போய்ச் சாப்பிடலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். விளைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், பொரித்த மீன். குழம்பில் ராமநாதபுரம் குண்டு மிளகாய், முண்டு மிளகாய் என்று புவிசார் குறியீடு வாங்கியதே, அதேதான். நிறம் பயமுறுத்துகிறது, காரம் நின்று நிதானமாக வருகிறது. கணவாய் ரப்பராக இல்லாமல் பல்லில் பட்டதும் விட்டது. மகன் வெறும் சோற்றில் பொரித்த மீனைப் பிசைந்து இரண்டு தட்டு. மொத்தம் 920 ரூபாய். மதுரையில் இந்த மீனுக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் இந்த ருசி வராது.

குடிசை அக்கா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தித்திப்பான தண்ணீர். "எங்கக்கா இது?" என்றேன். பின்னால் கூட்டிப்போய் மணலில் ஒரு குழியைக் காட்டினார். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல், நடுவில் ஊற்று! "மேலாகத் தோண்டுனா நல்ல தண்ணி. ஆசப்பட்டு ஆழமா எறக்குனா உப்பு வந்துரும்" என்றார். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, அதுதான் சூட்சுமம். பாடப்புத்தகத்தில் நாலு பக்கம் படித்தாலும் மகளுக்கு இது ஏறியிருக்காது. வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்றும் அவர்தான் சொன்னார். "அப்ப பெண் கடல்ல ஏன் இவ்ளோ அலை?" என்று மகள் கேட்டாள், அன்றைக்கு வடகடல்தான் துள்ளிக்கொண்டிருந்தது. "வாடை அடிக்குதுல்ல பாப்பா. கச்சான் காத்து வந்தா இது அடங்கிரும், அது எந்திரிச்சுரும்." கச்சான் என்றால் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. அடங்கிய கடல் என்றாலும் முனைப் பக்கம் பிள்ளைகளைக் கண்டிப்பாகத் தண்ணீரில் விடாதீர்கள், நீரோட்டம் இழுக்கும். குளிக்க வேறு இடம் இருக்கிறது.

அந்த வேறு இடம் அரியமான். அங்கேதான் முதல் நாள் போனோம், சனிக்கிழமை. மதுரையிலிருந்து ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னல் மூடவே இல்லை, விடிகாலைக் குளிர்க்காற்று முகத்தில் அடித்து அத்தைக்கு இருமல், அதோடு அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். உச்சிப்புளி தாண்டி இறங்கி ஆட்டோவில் உள்ளே போக வேண்டும், போகவர 400 ரூபாய். கரை நெடுக சவுக்குத் தோப்பு. வெயில் பத்து மணிக்கு ஏறினாலும் நிழலிலேயே நடந்துகொண்டிருக்கலாம், வயதானவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் நான் பார்க்கவில்லை. தண்ணீர் ரொம்ப தூரத்துக்கு இடுப்பளவுதான். பாசி ஒதுங்கிக் கிடந்தது, அலை கொஞ்சம் இருந்தது, பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம். ஆனால் தோப்புக்குள் பிளாஸ்டிக் தட்டும் பாட்டிலும்! தின்றதை மடித்து எடுத்துப்போக ஒரு பை கொண்டுவர முடியாதா நம்மால்?

தங்குவதில் ஒரு பாடம். முதல் ராத்திரி ராமேஸ்வரத்தில் அறைக்கு 2,200. இரண்டாம் ராத்திரி ராமநாதபுரத்துக்கு வந்துவிட்டோம், 1,100, அறையும் பெரிது. மூன்று நாளும் ராமநாதபுரத்திலேயே தங்கி, அங்கிருந்து நாலா பக்கமும் போய்வருவதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாம் நாள் தெற்கே, சாயல்குடி பஸ். கீழக்கரையில் பஸ் நின்ற ஐந்து நிமிடத்தில் கணவர் ஓடிப்போய் தொதல் வாங்கி வந்தார். அரிசிமாவும் தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிக் கிண்டி எடுப்பது. அரைக் கிலோ போதும் என்று நினைத்தோம், ஏர்வாடி வருவதற்குள் பொட்டலம் காலி.

சாயல்குடியிலிருந்து மாரியூருக்கு ஆட்டோ. இவரையும் எழுதியாக வேண்டும். ஐநூறு என்றார், இரண்டரை மணி நேரம் காத்திருந்தார், ஐநூறுதான் வாங்கினார். அத்தை கையில் இருந்த பனங்கிழங்குக் கட்டில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மாரியூரில் கடலுக்குப் பக்கத்திலேயே பூவேந்தியநாதர் கோயில். சித்திரையில் சிவன் வலை வீசிய திருவிளையாடல் இங்கே திருவிழா. கோயிலிலிருந்து கடற்கரைக்கு இறங்கி நடந்தால், ஒரு பக்கம் பனை, குடை விரித்த மாதிரி உடைமரம், இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, குளம் மாதிரி அசையாமல். மூன்று நாளில் முதல் தடவையாக எங்களைத் தவிர யாருமே இல்லை. மணலில் நண்டு வளைகள், பக்கத்தில் நண்டு உருட்டிப் போட்ட மணல் உருண்டைகள். மகன் ஒவ்வொரு வளையிலும் குனிந்து "வெளிய வா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். ஒன்றுகூட வரவில்லை. நாங்கள் போய் இருபதடி தள்ளி உட்கார்ந்ததும் எல்லாம் வெளியே வந்துவிட்டன.

வாலிநோக்கம் பக்கம் உப்பளங்கள் இருக்கின்றன. மழை முடிந்து பாத்தியை மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள், வெள்ளையாக உப்புக் குவிந்திருப்பதைப் பார்க்க வெயில் காலத்தில்தான் வர வேண்டும். பனங்கிழங்கு கட்டுக் கட்டாக வாங்கினோம், பொங்கல் முடிந்தும் கிடைக்கிறது. பதநீர், நுங்கு வேண்டுமானால் அதற்கும் கோடைதான்.

கணவர் நோட்டில் எழுதிய கணக்கு: அறை 3,300, ஆட்டோ 2,400, சாப்பாடு 2,900, பஸ் 1,700. மொத்தம் 10,300. ஒன்பதாயிரத்துக்குள் முடிப்பதாகத்தான் கிளம்பினோம். ராமேஸ்வரம் அறையும் அந்த ஆட்டோவும் இல்லையென்றால் முடிந்திருக்கும். காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் படகில் போவதை இதனால்தான் விட்டுவிட்டோம்.

சாயல்குடியிலிருந்து மதுரை பஸ் கிடைத்தது, ஜன்னல் மூடியது. அத்தை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "காரங்காடு தொண்டிப் பக்கம்தானே? பங்குனிக்குள்ள போயிருவோம்" என்றார்கள். மகன் தூங்கிவிட்டான். அவன் சட்டைப் பையில் ஏதோ குத்துகிறதே என்று பார்த்தால், இரண்டு ராவணன் மீசைப் பந்து.